சீர்த்தட்டுக்குப் பழ ரோல்

எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மழையை நம்பின பூமி. பருத்தியும் சோளமும் கைவிடுகிற வருஷத்தில் வேலிக்கருவை கைவிடாது. மாரீஸ்வரனும் அப்படித்தான் அந்த வேலைக்கு வந்தார். அடுத்தவர் காட்டில் நிற்கிற கருவையை மொத்தமாகப் பேசி வாங்கி, வெட்டி அடுக்கி, மண் பூசித் தீ வைத்து, கரியாக்கி லோடு ஏற்றி விடுவார். வயது நாற்பத்தாறு. நகக்கண்ணிலும் கழுத்து மடிப்பிலும் காது மடலுக்குள்ளேயும் கரிதான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் வெள்ளை வேட்டியில் எங்கேயாவது ஒரு தடம் விழுந்திருக்கும்.

அவருக்கு இன்னொரு வேலையும் தெரியும் என்பது ஊரில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவரை அவர் அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு பேக்கரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தட்டுக் கழுவினார், மாவு சலித்தார், அப்புறம் பிசைந்தார், கடைசியில் அடுப்படிக்கு மாஸ்டர் ஆனார். அப்பா செத்த பிறகு காட்டைப் பார்க்க ஆளில்லை என்று ஊருக்கு வந்தவர், அதற்கப்புறம் மைதா மாவைக் கையால் தொடவில்லை. வீட்டில் ஒரு பரோட்டாவுக்குக்கூடப் பிசைந்தது கிடையாது. கேட்டால், "பிசைஞ்சதெல்லாம் போதும்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவரைத் திரும்பவும் மாவில் கை வைக்கச் செய்தது தங்கச்சி மகள் சத்யபிரியாவின் காது.

தங்கச்சி அமுதவள்ளியைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை அருண்பாண்டியன் தினமும் மதுரைக்குப் பஸ் ஏறி வேலைக்குப் போய்வருகிறவர். அதிகம் பேசாத ஆள். ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை சத்யபிரியா. அந்தப் பிள்ளைக்குப் பால் ஆகாது. பால் என்றால் தயிர், மோர், வெண்ணெய், நெய் எல்லாமும்தான். முட்டையும் ஆகாது. சில பிள்ளைகளுக்கு வயிற்றுக்குச் சேராது என்பார்களே, அந்தக் கதை இல்லை. நாக்கில் பட்டாலே உதடு தடித்து, முகம் வீங்கி, மூச்சு அடைத்துக்கொள்ளும்.

போன வருஷம் பொங்கலுக்குப் பிள்ளையோடு வந்திருந்தார்கள். மாரீஸ்வரன் வீட்டில் அவருடைய அத்தை சந்தனம்மாள் இருக்கிறார். அப்பாவின் அக்கா, புருஷனும் பிள்ளையும் இல்லாததால் தம்பி வீட்டோடே தங்கிவிட்டவர். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அந்த அத்தை ஒரு கரண்டிப் பாயாசத்தைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அருப்புக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"பாலுதான ஆகாதுன்னாக? நான் பாயாசத்தத்தான குடுத்தேன்" என்றது அத்தை. பொய்யில்லை. அத்தை மனசில் பால் என்பது டம்ளரில் இருப்பது மட்டும்தான்.

பிள்ளை தெளிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அருண்பாண்டியன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "மச்சான், இனிமே ஒங்க வீட்ல எம்பிள்ள பச்சத்தண்ணி குடிக்காது" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடியே இருந்தார். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் பிள்ளைக்குச் சாப்பாட்டுத் தூக்கு தனியாக வந்தது. தண்ணீரும் பாட்டிலில் வந்தது. பிள்ளை மாரீஸ்வரன் மடியில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலில் குடிக்கும். அவர் கருவைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் மாசியில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக அமுதவள்ளி போன் பண்ணியது. திருச்சுழிக்குத் தெற்கே கண்மாய்க்கரையில் இருக்கிற அய்யனார் கோயில். மாப்பிள்ளை வீட்டுக்குக் குலசாமி. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். ஊசி இறங்குகிற நேரம் தாய்மாமன் கையால் இனிப்பு ஒன்றைப் பிள்ளை வாயில் வைப்பதும் அவர்கள் பக்கம் முறை.

"அண்ணே, சீர்ல லட்டு, மைசூர்பாகுன்னு எதுவும் வைக்க வேணாமாம். பழம் மட்டும் வச்சாப் போதுமாம். அவுக சொல்லச் சொன்னாக."

"காது குத்துறப்ப பிள்ள வாயில என்னத்த வைக்க?"

"அவுகளே மதுரையில வாங்கியாராகளாம். அங்கிட்டு ஒரு கடையில பாலு, முட்ட எதுவும் சேக்காமப் பன்னு, கேக்கெல்லாம் போடுறாக. வீகன்னு பேராம்."

"கடைக்காரன் செஞ்சத வாங்கி நான் ஊட்டணுமாக்கும்?"

"அண்ணே..." என்று அமுதவள்ளி இழுத்தது.

"பழத்தையே ஊட்டச் சொல்லேன். ஒரு வாழைப்பழத்த உரிச்சு வச்சாப் போச்சு" என்று அவரே சொன்னார். சொல்லும்போதே அவருக்குப் பிடிக்கவில்லை. இவரென்ன பன் சுடத் தெரியாதவரா?

"இந்தா பாரு அமுதா. பாலு, நெய்யி, முட்ட ஒண்ணுமில்லாம நானே செஞ்சு கொண்டாந்தா மாப்பிள்ள ஊட்ட விடுவாகளான்னு கேளு."

மறுநாள் பதில் வந்தது. "கொண்டாரச் சொன்னாக. பாத்துட்டுச் சொல்றாகளாம்."

அவ்வளவுதான். சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. மாரீஸ்வரனுக்கு அது போதுமாக இருந்தது.

அன்று மத்தியானமே சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய தார் டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். தீ வைத்துத் தார் நாற்றம் போக எரித்து, மண் போட்டுத் தேய்த்து, கரிக் கொட்டகைக்கு வெளியே செங்கல் மேல் படுக்க வைத்தார். உள்ளே தட்டு வைக்கக் கம்பி கட்டினார். கீழே கரிக் கங்கு, டிரம் முதுகின் மேலும் கங்கு. கரியில் எந்தக் கட்டை நின்று எரியும், எது வெடிக்கும் என்பது அவருக்கு அத்துபடி. வயிரம் பாய்ந்த வேர்க்கரியாகப் பொறுக்கி ஒதுக்கினார்.

வீட்டு அடுப்படிப் பக்கம் இந்த வேலையைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். வீட்டில் ஒரு பசு நிற்கிறது. பால் படாத பாத்திரம் அந்த வீட்டில் எது? புதுச் சட்டி, புதுத் தட்டு, புதுத் துணி எல்லாம் அருப்புக்கோட்டையில் வாங்கி, நேரே கொட்டகைக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி தங்கலட்சுமி பின்னாலேயே வந்து பார்த்தது.

"என்னங்க, தனிக்குடித்தனமா?"

"சோலியப் பாரு."

"இல்ல, சட்டி பானையெல்லாம் புதுசா இறங்குதேன்னு கேட்டேன்."

பேக்கரியில் மாவு பிசைவது பாலிலும் டால்டாவிலும். இங்கே பாலுக்கு என்ன செய்வது? நிலக்கடலை அந்தப் பிள்ளைக்கு எதுவும் செய்யாது. கடலை மிட்டாய் என்றால் உயிர். அதனால் கடலையை ஊறவைத்து, தோல் நீக்கி, ஆட்டுரலில் அரைத்துத் துணியில் பிழிந்தார். பசும்பால் மாதிரியே வெள்ளையாக இறங்கியது. நெய்க்குப் பதில் செக்குக் கடலெண்ணெய்.

பழ ரோலுக்கு உள்ளே வைக்கப் பழம் வேண்டும். மாசியில் இலந்தைக்கு என்ன பஞ்சம்? கண்மாய்க் கரையில் பொறுக்கி வந்து வெந்நீரில் போட்டு, கொட்டை போகப் பிசைந்து, சல்லடையில் தேய்த்தார். அந்தப் புளிப்புக்கு நாட்டு வாழைப்பழமும் பேரீச்சையும் மசித்துச் சேர்த்தார். கருப்பட்டிப் பாகில் போட்டுக் கிண்டினால் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தது. வாசம் தெரு வரைக்கும் போனது.

முதல் தடவை சுட்டது உப்பவே இல்லை. கடலைப்பாலைக் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிவிட்டார். ஈஸ்ட் செத்துப்போனது. மாஸ்டராக இருந்தவர் செய்கிற தப்பா அது? கை மறந்திருந்தது. தங்கலட்சுமி ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டிப் பார்த்தது. டொக்கென்றது.

"ஊசி குத்துறப்ப பிள்ளைக்கு வலி தெரியாது. இத மண்டையில ஒரு போடு போட்டுட்டுக் குத்தலாம்."

அடுத்த தடவை நன்றாக உப்பி வந்தது, அடி தீய்ந்துவிட்டது. கீழ்க் கங்கைக் குறைத்து மேல் கங்கைக் கூட்டினார். அதற்கடுத்த தடவை சுட்டதைத் தங்கலட்சுமி ஒன்றும் சொல்லாமல் இரண்டு தின்றது. மூன்றாவதை எடுக்கும்போது, "பரவால்ல" என்றது. அந்த வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. இலந்தைக்குக் கொட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே முனகியது. "நெய்யில்ல, பாலில்ல. இதக் கொண்டுபோயி சீருன்னு வச்சா மாப்பிள்ள வீட்டுச் சனம் என்ன பேசும்? ஒங்கப்பன் இருந்தா..."

"அத்த, பிள்ள செத்துப் பொழச்சது மறந்துபோச்சா?"

அத்தைக்கு மறக்கவில்லை. அந்தப் பொங்கலுக்குப் பிறகு அத்தை எந்தப் பிள்ளைக்கும் எதையும் ஊட்டுவதில்லை. கொட்டை எடுக்கும் முன்னால் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவியது. மாரீஸ்வரன் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காதுகுத்து அன்றைக்கு விடிகிற நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். உப்பின மாவைப் பலகையில் விரித்து, பழக்களியைத் தடவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டினார். கத்தி வைத்தால் மாவு நசுங்கும். நூலை அடியில் கொடுத்து இரண்டு முனையையும் குறுக்கே இழுத்தால் துண்டு வட்டமாக வந்து விழும். உள்ளே கருஞ்சிவப்பாகச் சுருள் சுருளாகப் பழம் தெரியும். ஒவ்வொரு சுருட்டிலும் இரண்டு கடைசி முனை மட்டும் கோணலாக நிற்கும். பழமும் அங்கே சரியாகச் சேராது. அதைத் தட்டில் வைக்க மாட்டார்கள். பேக்கரியில் அதற்கு மாஸ்டர் பங்கு என்று பெயர். தனித் தகரத்தில் சுட்டு, மாஸ்டரும் கூட நிற்கிற ஆட்களும் தின்பார்கள். பழக்கம் விடுமா? முனைகளையெல்லாம் தனியாகச் சுட்டு ஒரு புதுத் தூக்குவாளியில் போட்டு மூடினார். நல்லதெல்லாம் மூன்று தாம்பாளத்தில் அடுக்கி, மேலே கருப்பட்டிப் பாகைத் தடவினார். பளபளவென்று இருந்தது.

வண்டி வந்தது. இருளப்பசாமியின் லோடு வேன். கரி ஏற்றுகிற அதே வண்டிதான், கழுவி ஜமுக்காளம் விரித்திருந்தான். மாலை, தேங்காய், புதுத்துணி, கம்மல், பழம், ரோல் என்று தட்டுகள் வாசலில் வரிசையாக நின்றன. எல்லோரும் கும்பிட்டபடி நின்றார்கள். மாரீஸ்வரன் துண்டை இடுப்பில் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா நினைப்பு வந்தது. அப்புறம் தட்டுகள் மேல் துணியைப் போர்த்தி வண்டியில் ஏற்றினார்கள். பெண்கள் பின்னால் தட்டுகளோடு உட்கார்ந்தார்கள். மாரீஸ்வரன் முன்னால் டிரைவர் பக்கம் ஏறி, தூக்குவாளியை நடுவில் வைத்தார்.

"மாஸ்டர் பங்கு. தின்னு."

"டீக் கடையில நிப்பாட்டட்டுமாண்ணே?"

"ஒண்ணும் வேணாம். நேரமாச்சு. ஓட்டு."

இருளப்பசாமி ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திருச்சுழி வரைக்கும் தின்றுகொண்டே வந்தான்.

கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியிருந்தார்கள். மாமனைப் பார்த்ததும் ஓடி வந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேளம் அடிக்க, சீர்த்தட்டுகளைக் கொண்டுவந்து வேப்ப மரத்தடியில் வைத்தார்கள். அருண்பாண்டியன் தோளில் ஒரு பை தொங்கியது. அதற்குள் மதுரைக் கடையின் அட்டைப் பெட்டி தெரிந்தது.

"இதுதானா மச்சான்?" என்றார்.

"ஆமா மாப்பிள்ள. பாருங்க." மாரீஸ்வரன் குனிந்து முதல் தட்டின் துணியை எடுத்தார்.

ரோல்கள் பளபளவென்று வரிசையாக இருந்தன. நடுவில் ஒன்றின் மேல், கருப்பட்டிப் பாகில் ஒட்டிக்கொண்டு ஓர் அறுகம்புல் இதழ். பச்சையாக, விரல்நீளத்துக்கு.



மாரீஸ்வரன் வீட்டில் சீர்த்தட்டு வாசல் தாண்டும் முன் மூத்த பெண் அறுகம்புல்லைப் பசும்பாலில் தோய்த்து ஒவ்வொரு தட்டிலும் ஒற்றி எடுக்கும். அவர் அப்பா காலத்திலும் அப்படித்தான், அதற்கு முன்னாலும் அப்படித்தான். பாலறுகு வைப்பது என்பார்கள். காலையில் அத்தை செய்தது அதைத்தான். ஒளித்துச் செய்யவில்லை. எல்லோர் முன்னாலும் கிண்ணத்தில் பாலைக் கொண்டுவந்து, புல்லை முக்கி, தட்டுத் தட்டாக ஒற்றியது. தங்கலட்சுமி நின்றது. அவரும் நின்றார், கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. பாலுக்குப் பயந்து வீட்டை விட்டுக் கொட்டகைக்குப் போன மனுஷனுக்கு அந்த நேரம் அது பாலாகத் தோன்றவே இல்லை. பாயாசம் அத்தைக்குப் பாலாகத் தோன்றாத மாதிரி.

புல்லைக் கிள்ளி எறிந்தால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. பால் எப்போதோ காய்ந்திருக்கும். ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ. ஓரத்தில் இருக்கிற ஒன்றை எடுத்தால் அதில் படாமலும் இருந்திருக்கலாம். மாப்பிள்ளை குனிந்து பார்க்கிறார். முகத்தில் ஒரு மாதிரி நல்ல தெளிச்சல் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சரி என்று சொல்லிவிடுவார்.

மாரீஸ்வரன் பிள்ளையைப் பார்த்தார். சந்தனம் பூசின மொட்டைத் தலையோடு அது ரோலையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மாப்பிள்ள, இது பிள்ளைக்கு ஆகாது" என்றார். "பாலறுகு வச்சுட்டோம். வாசல்ல வச்சு. எனக்குப் புத்தியில படல. மூணு தட்டுமே ஆகாது."

மேளக்காரர் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அமுதவள்ளி, "ஐயோ அண்ணே" என்றது மெதுவாக.

"வச்சுட்டோம் இல்ல, நாந்தேன் வச்சேன்" என்று பின்னாலிருந்து சந்தனம்மாள் சொன்னது. "சாமிக்கு வைக்கிற பாலுன்னு... அது பாலுன்னே நெனைக்கல மாப்பிள்ள." அதற்கு மேல் முடியாமல் வேப்ப மர வேரில் உட்கார்ந்துவிட்டது.

அருண்பாண்டியன் குனிந்து அந்தப் புல்லை எடுத்துப் பார்த்தார். விரலில் வைத்துத் திருப்பினார். பைக்குள் இருக்கிற பெட்டியில் அவர் கை போனது. பாதி வெளியே எடுத்தவர் நின்றார்.

"புல்லப் பிச்சுப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே மச்சான்."

மாரீஸ்வரன் தட்டின் மேல் துணியைத் திரும்பப் போர்த்தினார்.

"பாலறுகு வைக்காதது ஏதாவது இருக்கா?" என்றார் அருண்பாண்டியன்.

"எல்லாத்தையும் தட்டுலதான்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வண்டிப் பக்கம் திரும்பினார். "ஏலே இருளப்பசாமி, தூக்குவாளில மிச்சம் கெடக்கா?"

இருளப்பசாமி மூடியைத் திறந்து பார்த்தான். திருட்டு முழி முழித்தான். "ரெண்டு கெடக்குண்ணே. கோணலா இருந்துச்சு, அதான் விட்டேன்."

"டீ கீ குடிச்ச கையா?"

"எங்கண்ணே நிப்பாட்ட விட்டீக."

வாளி வந்தது. அருண்பாண்டியன் வாங்கி முகர்ந்து பார்த்தார். "இதுல என்னென்ன சேத்தீக? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"மைதா, ஈஸ்ட்டு, உப்பு, நாட்டுச் சக்கர. கடலப்பாலு, கடலெண்ண. உள்ள இலந்த, வாழ, பேரீச்ச, கருப்பட்டி. தட்டு புதுசு, சட்டி புதுசு. வீட்டு அடுப்படில வைக்கல. கரிக் கொட்டகையில சுட்டது."

"அதான் கரி வாசமடிக்குதா?"

"வேர்க்கரி. நல்ல கரி" என்றார் மாரீஸ்வரன். கரியைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

அருண்பாண்டியன் ஒரு முனையைக் கிள்ளித் தன் வாயில் போட்டு மென்றார். அவசரப்படாமல் மென்றார். ஆசாரி, "நேரம் போகுதுங்க" என்று குரல் கொடுத்தார். அட்டைப் பெட்டியைப் பைக்குள் திரும்பத் தள்ளிவிட்டு, "மடியில வைங்க மச்சான்" என்றார்.

மாரீஸ்வரன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளை மடியில் ஏறியது. கோணல் முனையை அவர் அதன் வாயில் வைத்தார். பழம் அதிகமில்லாத துண்டுதான். பிள்ளை கடித்து, இழுத்து, கண்ணை அகல விரித்தது. அந்த நேரம் பார்த்து ஆசாரி குத்தினார். வாய் நிறைய ரோலோடு ஒரு அலறல். துணுக்கெல்லாம் மாமன் வேட்டியில். அழுதுகொண்டே மென்றது, மென்றுகொண்டே அழுதது. அடுத்த காதுக்கு ஆசாரி இந்தப் பக்கம் வந்ததும், அழுகையை நிறுத்தி, "மாமா, இன்னொண்ணு" என்றது. சனம் சிரித்துவிட்டது. மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது காதும் குத்தி முடிந்து, கம்மல் போட்டு, கண்ணீரைத் துடைத்துவிட்ட பிறகும் யாரும் பிள்ளை முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உதடு உதடாகவே இருந்தது. மூச்சு சீராக வந்தது. தட்டில் இருந்த ரோல்களை அமுதவள்ளி எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தது, பிள்ளையைத் தவிர. அருண்பாண்டியன் ஒன்றை வாங்கி, மர வேரில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "அவுகள ஒண்ணும் சொல்லாதீக மச்சான்" என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"யாரு சொன்னா?" என்றார் மாரீஸ்வரன்.

பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. கருப்பட்டி இனிப்பு, தண்ணீர் கேட்டது. அமுதவள்ளி தன் பையில் பாட்டிலைத் தேடியது. மாரீஸ்வரன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்க் கேன் வேன் நிழலில் இருந்தது. அருண்பாண்டியன் அதைச் சாய்த்து, தன் பையிலிருந்த டம்ளரில் பிடித்து, கொண்டுவந்து மாரீஸ்வரன் கையில் கொடுத்தார்.

"குடுங்க மச்சான். விக்குதுல்ல."